பக்கத்து வீட்டுப் பீப்பாவின் பெயர்

அங்கிள் என் முன்னால் வைத்த தாளில் முப்பது சொற்கள் இருந்தன. பதினேழாவதைப் படித்ததும் என் பேனா நின்றுவிட்டது.

அவர் எனக்கு உறவில்லை. இளைப்பாறிய எஞ்சினியர், யூனியன்வில்லில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் படித்த வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் தை மாதம் ஒரு கண்காட்சி வைப்பார்கள். அதற்கு அவர்தான் பொறுப்பு. தட்டிகளில் பிழை இல்லாமல் பார்த்துக் கொடுப்பது என் வேலை. நான் ஆஸ்பத்திரிகளிலும் அகதி விசாரணைகளிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இருந்து மொழிபெயர்ப்பவள். அதனால் என்னிடம் ஒரு பிழையும் தப்பாது என்று அவராக முடிவு செய்திருந்தார்.

அந்த வருடத் தலைப்பு "தமிழ் உலகுக்குத் தந்த சொற்கள்". கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி எல்லாம் வழக்கம்போல இருந்தன. பதினேழாவது வரியில் இப்படி எழுதியிருந்தார்: "கடம் - பழைய ஸ்லாவிய மொழியில் கட். தானியமும் ஊறுகாயும் சேமிக்கும் பெரிய பாத்திரம்." பக்கத்தில் அந்த ஸ்லாவியச் சொல்லை ஆங்கில எழுத்திலும் போட்டிருந்தார். அதற்கு முன்னால், கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு சின்ன நட்சத்திரக் குறி.

"உந்த நட்சத்திரம் என்ன அங்கிள்?"

"அதோ? அது பிரிண்டிங் பிழை பிள்ளை. இன்டர்நெட்டிலயிருந்து எடுக்கேக்க சேர்ந்து வந்திட்டுது. வெட்டிவிடும்."

மற்ற இருபத்தொன்பது சொற்களும் இன்டர்நெட்டில் இருந்துதான் வந்தவை. அவற்றில் எதிலும் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அத்தோடு அவர் பதிலை மிக வேகமாகச் சொன்னார். என் தொழிலில், சாட்சி ஒரு கேள்விக்கு மட்டும் வேகமாகப் பதில் சொன்னால் காது தானாக நிமிர்ந்துவிடும். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரே மாதிரிக் கேட்கும் சொற்களை நம்பக்கூடாது என்பது நான் பட்டுப் படித்த பாடம். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில், நான் போய்ச் சேருவதற்கு முன்னரே, வயதான அம்மா ஒருவர் கேட்டதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டியிருக்கிறார். நர்ஸுக்கு அது "ஹோம், ஹோம்" என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் என்று குறிப்பு எழுதி, டொக்டரையும் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாவோ ஒப்பரேஷனுக்குச் சம்மதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணை மண்டபத்தின் நடையில் என்னோடு அடிக்கடி காத்திருக்கும் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அடுத்த கிழமை அவரிடம் தாளைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கிள் எழுதியபடி 'கட்' என்று நான் வாசித்துக் காட்ட, நட்சத்திரத்தையும் அதற்குப் பின்னாலிருந்த ஆங்கில எழுத்துகளையும் பார்த்தார்.

"இதைக் கட் என்று யார் சொன்னது?" என்று கேட்டார். பிறகு தானே சொல்லிக் காட்டினார். என் காதுக்குக் 'காத்' என்று கேட்டது. கடைசியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஓர் இகரத்தைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டார். "பெரிய மரத்தொட்டி. எங்கள் வீட்டில் வெள்ளரிக்காய் உப்பில் போடுவோம். இப்போது சின்னதாக 'காத்கா' என்போம்."

"நட்சத்திரம் பிழையா?"

"பிழையா? அதுதான் இதில் மிக நேர்மையான எழுத்து." அவர் சிரித்தார். "இந்தச் சொல்லை எழுதி யாரும் கண்டதில்லை என்று அர்த்தம். ரஷ்யன், போலிஷ், செக் என்று இன்று இருக்கும் மொழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கெல்லாம் தாயான மொழியில் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று படித்தவர்கள் கட்டியெழுப்பியது. சாட்சி நேரில் வரவில்லை."

"தமிழிலிருந்து வந்திருக்குமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிரேக்கத்திலிருந்து என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதையும் நான் முழுக்க நம்பவில்லை. நீயே போய்ப் பார்."

போனேன். நகரத்தின் நடுவிலுள்ள பெரிய நூலகத்தில், வெளியே கொண்டுபோக விடாத தடித்த புத்தகங்கள் இருக்கும் மாடியில் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். ஸ்லாவியர்கள் அந்தச் சொல்லைக் கிரேக்கரின் 'காடொஸ்' என்ற சொல்லிலிருந்து எடுத்தார்கள் என்று இருந்தது. காடொஸ் என்றால் வைனோ தண்ணீரோ வைக்கும் சாடி. கிரேக்கர் அதைத் தங்கள் கடலின் கிழக்குக் கரையிலிருந்த செமித்திய மொழிக்காரரிடம் எடுத்திருக்கிறார்கள். ஹீப்ரு மொழியில் இன்றைக்கும் 'கத்' என்றால் சாடிதானாம். சரக்கு போன வழியே சாடி போயிருக்கிறது, சாடியோடு பெயரும் போயிருக்கிறது. அங்கிளின் 'கடம்' வேறு பாதை. அது வடமொழிப் பானை ஒன்றிலிருந்து வந்தது என்று தமிழ் அகராதியே சொன்னது.

உண்மையைச் சொன்னால், கடைசி வரியைப் படிக்கும்வரை எனக்கும் ஓர் ஆசை இருந்தது. கடம், குடம், காத், கத். வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் அக்கா தங்கச்சி மாதிரித்தான் இருக்கின்றன. புத்தகத்தையும் சந்தேகப்பட்டேன். முக்கியமான இரண்டு இடங்களில் 'ஒருவேளை' என்று போட்டிருந்தார்கள். ஒருவேளை என்று நான் விசாரணையில் மொழிபெயர்த்தால் எதிர்ப்பக்கத்து வக்கீல் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்வார். அதனால் புத்தகத்தில் வாழாத, ஒரு மனிதர் வாயில் வாழும் சொல்லைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு நான் தூரப் போகத் தேவையில்லை.

ஸ்காபரோவில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரில் ஒட்டியவை. அங்கே ஒரு பல்கேரிய மூதாட்டி தனியாக இருக்கிறார். அவர் பேசுவதும் ஒரு ஸ்லாவிய மொழிதான். நாங்கள் குடிவந்து மூன்று வருடத்தில் அவரோடு பத்து வசனம் பேசியிருப்போம். ஜன்னல் திரை மட்டும் நாங்கள் போக வர ஒரு விரல் அளவுக்கு விலகும். அந்த நவம்பரில் சுவர் வழியாக ஒரு புளித்த நாற்றம் வரத் தொடங்கியது. என் கணவர் டோர்ச்சும் கையுமாக எங்கள் நிலக்கீழ் அறையின் குழாய்களை முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் அந்த அம்மாவின் கராஜ் கதவு திறந்திருந்தபோது நான் கண்டேன்: என் நெஞ்சளவு உயரமான நீலப் பீப்பா, அதன் மேல் பலகை, பலகையின் மேல் ஒரு கல். சுவரோரம் கோவாக்கள், நாங்கள் கோவா என்று சொல்லும் முட்டைக்கோஸ்கள், குவிந்து கிடந்தன.

நூலகத்துக்குப் போய்வந்த மறுநாள் அவர் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் கதவு திறந்தது. அவருடைய சட்டைக்கை முழங்கைவரை நனைந்திருந்தது.

"உங்கள் கராஜில் ஒரு பெரிய பீப்பா இருக்கிறதல்லவா? அதை உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"பீப்பாவா? பீப்பா இல்லை."

"நீலப் பீப்பா. கோவா போடுவீர்களே."

"கோவாவும் இல்லை. யார் சொன்னது?"

"கராஜ் திறந்திருந்தபோது நானே பார்த்தேன்."

"பார்த்தாயா? எத்தனை மணிக்கு? எழுதியும் வைத்திருக்கிறாயா?"

அப்போதுதான் அவர் என் கையைப் பார்க்கிறார் என்று புரிந்தது. சொல்லை எழுதிக்கொள்ள ஒரு நோட்டுப்புத்தகமும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். "நகரசபையிலிருந்து வந்த மனிதனும் இப்படித்தான் புத்தகத்தோடு வந்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். சங்கிலிக்கு மேலே இன்னொரு பூட்டுத் திரும்பும் சத்தமும் கேட்டது.

வாசற்படியில் நின்றபடி யோசித்தேன். யாரோ நகரசபைக்கு முறைப்பாடு செய்திருக்கிறார்கள். அது நான்தான் என்று அவர் நினைக்கிறார். நான் செய்யவில்லை. அப்படியானால் யார் என்று யோசித்தபோது வீதியின் மற்ற வீடுகளை எண்ணிப் பார்த்தேன். அந்த நாற்றம் அவற்றுக்குப் போயிருக்க நியாயமில்லை. அது வந்தது ஒரே ஒரு சுவரால்.

என் கணவருக்கு மிசிசாகா பக்கம் விமான நிலையத்தில் வேலை. அன்று பின்னேரம் அவர் வந்து சப்பாத்துக் கழற்றும்போது கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்கு நகரசபை ஆள் வந்ததாம். ஆரோ கொம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கினம்."

"ஆராம்?"

"அதைத்தான் உங்களைக் கேக்கிறன்."

"என்னை ஏன் கேக்கிறீர்? இந்த ரோட்டில எத்தினை வீடு இருக்கு."

ஒரு சப்பாத்தின் நாடாவை அவிழ்க்க ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் எடுப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் நகரவில்லை. இரண்டாவது சப்பாத்தும் கழன்றது.

"நான் அவவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையப்பா," என்றார் கடைசியில். "கக்கூஸ் பைப் எங்கையோ உடைஞ்சு மணக்குது, வந்து பாருங்கோ எண்டுதான் போன் பண்ணினனான். அவங்கள் அங்கையும் போவாங்கள் எண்டு எனக்கென்ன தெரியும்? அது கோவா எண்டும் எனக்குத் தெரியாது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் உடனை போய் அவவிட்டையும் சொல்லியிருப்பீர்."

அது உண்மைதான். ஆனால் எனக்குக் கோபம் அடங்கவில்லை. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவர் ஒரு போன் அழைப்பை என்னிடமிருந்து மறைத்திருக்கிறார் என்றால் வேறு என்னவெல்லாம் மறைத்திருப்பார் என்று மனம் அங்கேயும் இங்கேயும் போனது. இரண்டு நாள் அவரோடு தேவையான அளவுக்கு மட்டும் பேசினேன். மூன்றாம் நாள் அவரே, "வாரும், ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிப்போட்டு வருவம்," என்றார்.

இம்முறை நோட்டுப்புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை. சங்கிலிக்குப் பின்னாலிருந்த முகத்திடம் என் கணவர் தன் உடைந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். கழிவுக்குழாய் என்று நினைத்ததைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது. ஒருவர் பக்குவமாகப் போட்ட சாப்பாட்டை அப்படி நினைத்ததாக அவர் முகத்துக்கு நேரே சொல்வது இலேசான வேலை இல்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சங்கிலி கழன்றது.

"எனக்கு முதல் நாளே தெரியும். இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் சுவரோரம் டோர்ச் அடித்ததை ஜன்னலால் பார்த்தேன்."

"பிறகு ஏன் என் முகத்தில் கதவைச் சாத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

"இவர்தான் உன்னை அனுப்பினார் என்று நினைத்தேன். பீப்பாவின் பெயரைக் கேட்க யாராவது கதவைத் தட்டுவார்களா?"

நகரசபை ஆள் பீப்பாவைப் பார்த்துவிட்டு, இதில் ஒரு குற்றமும் இல்லை, மூடியை இறுக்கி வையுங்கள் என்று மட்டும் சொல்லிப் போயிருக்கிறார். ஆனாலும் அவர் திரும்பி வருவார் என்று இந்த அம்மா தினமும் காத்திருந்திருக்கிறார். அவர் வளர்ந்த நாட்டில் புத்தகத்தோடு வீட்டுக்கு வருகிறவர்கள் ஒருமுறையோடு நிற்பதில்லையாம்.

கராஜுக்குக் கூட்டிப்போனார். பீப்பாவின் அடியில் ஒரு சின்னக் குழாய் இருந்தது. அதைத் திறந்து உப்புத் தண்ணீரை வாளியில் பிடித்து மேலே ஊற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்யாவிட்டால் அடியில் ஒரு ருசி, மேலே ஒரு ருசியாகிவிடும் என்றார். அந்த வாளியைத் தூக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. என் கணவர் கேட்காமலே அதை வாங்கி ஊற்றினார்.

"கத்ஸா," என்றார் அம்மா பீப்பாவைத் தட்டி. "இதன் பெயர் கத்ஸா. மரத்தில் இருந்தாலும் பிளாஸ்டிக்கில் இருந்தாலும் கத்ஸா. சுத்தமான பல்கேரியச் சொல். சேர்பியாக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். நம்பாதே."

கத்ஸா. நூலகப் புத்தகத்தில் அதுவும் இருந்தது. பழைய 'காத்' என்ற சொல்லோடு ஒரு சின்ன வால் சேர்ந்து, நடுவிலிருந்த ஒலி கரைந்து, கத்ஸா ஆனது என்று போட்டிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கிரேக்கத்திலிருந்து வந்தது என்று ஒரு புத்தகத்தில் இருக்கிறது," என்றேன்.

அவர் முகம் மீண்டும் கதவு மாதிரிச் சாத்திக்கொண்டது. "கிரேக்கமா? புத்தகம் எழுதியவன் கிரேக்கனா?"

"தெரியாது. அப்படித் தெரியவில்லை."

"பார்த்துக்கொள். கோவா எங்களுடையது, உப்பு எங்களுடையது, பீப்பா மட்டும் அவர்களுடையதா?" பலகையின் மேலிருந்த கல்லை நேராக்கினார். "உங்கள் மொழியில் இதற்கு என்ன?"

"பீப்பா."

"அது உங்களுடைய சொல்லா?"

நான் தயங்கினேன். "இல்லை. போத்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்தது."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "அப்படியானால் உங்களிடம் பாத்திரமே இருக்கவில்லையா?"

"இருந்தது. பானை இருந்தது, குடம் இருந்தது, தாழி இருந்தது, ஆள் உயரத் தாழிகூட இருந்தது..." சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் உயர்ந்துவிட்டதை என் கணவரின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன். அங்கிள் தன் முப்பது சொற்களை என்னிடம் படித்துக் காட்டியபோது அவர் குரலும் அப்படித்தான் உயர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் தாளை வாங்க வந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு, பதினேழாவது வரியை வெட்ட வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"ஆர் உமக்கு இதைச் சொன்னது? உந்தப் புத்தகங்களை எழுதினது ஆர்? எல்லாம் வெள்ளைக்காரன்."

"தமிழ் அகராதியிலயும் பாத்தனான் அங்கிள். நீங்கள் அந்த நட்சத்திரத்துக்கு அர்த்தம் தெரிஞ்சுதானே வெட்டச் சொன்னனீங்கள்?"

அவர் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார்.

"நீங்கள் இருக்கிற கதிரையும் போத்துக்கேயச் சொல்லுத்தான்," என்றேன்.

"கதிரை கதிரிலயிருந்து வந்தது!" என்று சட்டென்று சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். குனிந்து, தான் உட்கார்ந்திருந்த கதிரையின் காலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, என்ர பேரப்பிள்ளையள் என்னோட கதைக்கிறது இங்கிலிஷில. ஏன் தமிழ் படிக்க வேணும் எண்டு கேட்டுதுகள். எனக்கு ஒரு பதிலும் வரேல்லை. உலகம் முழுக்கப் போன மொழி எண்டு காட்டினாலாவது..."

அதைக் கேட்டதும் என் வீராப்பு பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் மனதில் பட்டதைச் சொன்னேன். "அங்கிள், அதுகள் போனை எடுத்து ரெண்டு நிமிசத்தில பாத்திடுங்கள். இது ஒண்டு பொய் எண்டு கண்டால் கட்டுமரத்தையும் நம்பாதுகள்."

"அப்ப நீர் ஆரின்ர பக்கம்?" என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். அதுதான் எனக்கு வலித்தது. தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போனார்.

தையில் மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை, ஆனாலும் போனேன். முதல் வேலையாக அந்தத் தட்டியைத் தேடினேன். ஸ்லாவியச் சொல் இல்லை. ஆனால் எண்ணிக்கை முப்பதுதான். பதினேழாவது இடத்தில் ஜப்பானியச் சொல் ஒன்று புதிதாகக் குடியேறியிருந்தது. நான் அதன் முன்னால் நின்றபோது அங்கிள் மறுபக்கத்திலிருந்து என்னைக் கவனித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பியதும் யாரோடோ பேசுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சொல்லை நான் இன்றுவரை தேடிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிவைத்திருக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து தட்டிகள் என்னிடம் வருவதில்லை. கடையில் கண்டால் அங்கிள் சுகம் விசாரிப்பார், என் கணவரின் வேலையைப் பற்றிக் கேட்பார். சொற்களைப் பற்றி மட்டும் ஒரு கதையும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா பனிக்காலத்தில் ஒரு சட்டி கொண்டுவந்து தந்தார். புளித்த கோவா இலையில் சோறும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி அவித்தது. நான் முதலில் மணந்து பார்த்தேன். என் கணவர் மணக்காமலே நான்கு சாப்பிட்டார். சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது என்று கத்தரிக்காய்க் கறி வைத்துக் கொடுத்தேன். அதற்குள் என்னென்ன போட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வாங்கினார்.

மறுவருடம் நவம்பரில் அவரே எங்கள் கதவைத் தட்டினார். வியாழக்கிழமை கோவா போடப்போகிறேன், அடுத்த கிழமையிலிருந்து மணக்கும், இப்போதே சொல்லிவிட்டேன் என்றார். என் கணவர் லீவு எடுத்து, காரிலிருந்து கோவாக்களை கராஜுக்குத் தூக்கிக் கொடுத்தார். நான் எங்கள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தூக்குவதற்கு முன் காரில் எத்தனை இருந்தன என்று அந்த அம்மா விரல்விட்டு எண்ணினார். எல்லாம் உள்ளே போன பிறகு, கராஜில் நின்று மீண்டும் ஒருமுறை எண்ணினார்.